மூன்று புள்ளி, ஒரு கோடு

போரிலிருந்து திரும்பிய தேவசகாயம், அழுக்குத் துணிகளைச் சலவைக்காரி பொன்னுருவியிடம் போட்டான். தன்னோடு பட்டாளத்துக்குப் போன மாசிலாமணி காட்டில் வழிதவறிவிட்டதாகவும், உடலைக்கூடத் தான் பார்க்கவில்லை என்றும் ஊரில் சொல்லியிருந்தான்.

வெள்ளைச் சட்டை ஒன்றைப் பிரித்ததும் பொன்னுருவியின் கை நின்றது. கழுத்துப்பட்டையின் உட்புறத்தில் மூன்று புள்ளி, ஒரு கோடு. மாசிலாமணி வீட்டுத் துணிகளுக்கென்று சேங்கொட்டை மையால் அவளே போடும் குறி. சட்டையைத் திருப்பினாள். முதுகில் கத்தியகலக் கிழிசலை யாரோ கறுப்பு நூலால் தைத்திருந்தார்கள்.

அந்தத் தையல்மேல் விரலை ஓட்டினாள்.

“அவன் குடுத்ததுதான். நல்லா இருக்கும்போதே குடுத்தான்” என்றான் தேவசகாயம்.

பொன்னுருவி சட்டையை மடித்து மூட்டையின் மேலே வைத்தாள்.

“வெளுத்துத் தாரேன்யா. எந்த வீட்டுல கொண்டுபோய்க் குடுக்க?”