இலைப்பூச்சி நிபுணர்

கண்ணாடிப் பெட்டியின் இடது கிளையில் தண்ணீரைத் தெளித்துவிட்டுத் தண்ணியம்மா ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

பூச்சிக் காட்சியக இயக்குநரின் விரல் நேராக அந்தக் கிளைக்குப் போனது.

இலைப்பூச்சிகளைப் பற்றி அவர் கரைத்துக் குடித்தவர். நானூறு பக்கத்துக்குப் புத்தகமே எழுதியிருக்கிறார். என்ன, எது இலை, எது பூச்சி என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

பறவைக்கும் பல்லிக்குமே தெரியாதது இயக்குநருக்கு மட்டும் எப்படித் தெரியும்? பன்னிரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. விருந்தாளிகள் வந்தால் பூச்சி இருக்கும் கிளையில் அவள் தண்ணீர் தெளிப்பாள். அவர் அங்கே விரலை நீட்டுவார். பூச்சி மெல்ல அசையும். கைதட்டல் அவருக்கு.

புத்தகத்தின் நன்றியுரையில் மனைவி, மைத்துனர், கண் மருத்துவர்கூட இருந்தார்கள். அவள் இல்லை. அதைப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது வேறு.

இன்று வந்திருப்பது தேர்வுக் குழு. மூன்று தலைகள் அசைந்தால் இவருக்கு ஆயுள் முழுக்க இதே நாற்காலி. ஒரு தலையும் அசையக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள். சாமியை மட்டும் நம்பி இருந்துவிடவுமில்லை.

"அந்த நரம்பைப் பாருங்க! ஓரத்துல காய்ஞ்ச மாதிரி பழுப்பு! எதிரியை ஏமாத்த எத்தனை கோடி வருஷத்து உழைப்பு! இப்பகூட நம்மளைத்தான் பார்த்துட்டிருக்கு."

குழுத் தலைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "கையில எடுத்துக் காட்டுங்களேன் சார்."

இயக்குநர் பெட்டியைத் திறந்தார். பச்சைக் குழந்தையைத் தூக்குகிறவர் போல இரண்டு விரலால் பற்றி, பதமாக இழுத்தார்.

'டக்'கென்று காம்பு ஒடிந்தது.

உள்ளங்கையில் கொய்யா இலை. குழுவில் ஒருவர் இருமினார். அது இருமல் மாதிரி இல்லை.

"தண்ணியம்மா! பூச்சியெல்லாம் எங்க?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. தலைவியைப் பார்த்துச் சொன்னாள்.

"செத்துப் பதினாறு நாளாச்சும்மா. பதினோரு உசிரு, முட்டையிலேர்ந்து நான் வளர்த்தது. சாருக்குக் கால் சில்லுன்னு இருக்குதாம், பெட்டிக்குச் சூடு கொடுக்கிற விளக்கைக் கழட்டித் தன் ரூமுக்குக் கொண்டுபோயிட்டாரு. குளிர் தாங்கல. விடியறதுக்குள்ள எல்லாம் போயிடுச்சு. சொல்லப் போனேன். 'அப்புறம் வா'ன்னாரு."

"பொய்! தினம் காலையில நானே வந்து பார்க்கிறேன்!" என்று இயக்குநர் அலறினார்.

"ஆமாம்மா, தினம் வந்து பார்த்தாரு" என்று ஒத்துக்கொண்டு, தண்ணியம்மா பார்வையிடல் பதிவேட்டை விரித்துத் தலைவியின் கையில் கொடுத்தாள்.

பதினாறு நாள், பதினாறு வரி. எல்லாம் இயக்குநரின் கையெழுத்து. 'நலம்.' 'நலம்.' 'மிக்க நலம்.'

கடைசி வரி அன்று காலை எழுதியது.

'மேலும் இரண்டு கூடியிருக்கின்றன.'