மீசை இல்லாத அறை

"ஏம்ப்பா, இந்த ஆபீஸ்ல மீசைக்குத் தடை ஏதாவது இருக்கா?"

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி தன் அடர்ந்த மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். செலவு வைக்கும் குழுக்களை வெட்டித் தள்ளுவதில் சூரர் என்பதால், எல்லாக் கிளைகளிலும் அவருக்கு 'கத்தரி' என்று பெயர். இந்தக் குழு இருக்குமா, கலையுமா என்பதை இன்று மாலைக்குள் அவர் சொல்லியாக வேண்டும்.

"தடையெல்லாம் இல்ல சார். சேர்ந்த வாரமே நானா எடுத்துட்டேன்" என்றார் பேட்டரிப் பிரிவுக்காரர். மேசையைச் சுற்றியிருந்த மற்ற ஆண்களுக்கும் மேலுதடு மொழுமொழுவென்றுதான் இருந்தது.

"அப்புறம், நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க சார். முகத்துல வெளிச்சம் படட்டும்" என்று பேட்டரிப் பிரிவுக்காரரே ஒரு நாற்காலியைக் காட்டினார்.

'போட்டோ எடுக்கப் போறாங்களா?' என்று முணுமுணுத்தபடி கத்தரி இடம் மாறினார்.

எதிரே தலைமைப் பொறியாளர். குழுவில் எல்லாருக்கும் அவர் 'அக்கா'. அவர் மேல் கத்தரிக்கு ஏற்கெனவே கடுப்பு. எத்தனை முறை போன் செய்தாலும் எடுக்க மாட்டார். 'விஷயத்தை எழுதி அனுப்புங்கள்' என்று ஒற்றை வரிதான் பதிலாக வரும்.

கூட்டம் தொடங்கியது. பேச நினைத்தவர் பேனாவை உயர்த்தினார். அக்கா அவர் பக்கம் திரும்பித் தலையசைத்த பிறகே வாய் திறந்தார். ஒருவர் பேச்சில் இன்னொருவர் மூக்கை நுழைக்கவில்லை. அக்காவின் சுண்டுவிரல் லேசாக உயர்ந்தால், பேசியவர் கடைசியாகச் சொன்னதை மட்டும் திரும்பச் சொன்னார்.

'ஆளுங்களை நல்லா ஆட்டி வெச்சிருக்காங்க' என்று நினைத்துக்கொண்டார் கத்தரி.

"எங்க பிரச்னை இதுதான்" என்றார் அக்கா, ஏற்ற இறக்கமில்லாத குரலில். "ஆஸ்பத்திரி வார்டுல ஒவ்வொரு கட்டில்லயும் நாடி பாக்கற கருவி ஒண்ணு. கம்பி கிடையாது. எல்லாம் ஒரே காத்துலதான் பேசணும். நடுவுல இருக்கற பெட்டி ஒரு சேதி அனுப்பினா, அத்தனை கருவியும் 'வந்துச்சு, வந்துச்சு'ன்னு ஒரே நேரத்துல கத்தும். சந்தைக்கடைதான். உண்மையிலேயே ஒரு நோயாளிக்கு நாடி இறங்கினா, அந்தச் சேதி அதுல அமுங்கிடும்."

"அதுக்கு?" என்றார் கத்தரி.

சுண்டுவிரல் உயர்ந்தது.

"அதுக்கு என்ன பண்ணீங்கன்னு கேட்டேன்!"

மறுபடியும் சுண்டுவிரல். மற்றவர்களிடம் எப்போதாவது உயர்ந்த அந்த விரல், அவர் பேசும்போது மட்டும் இறங்கவே இல்லை. கத்தரிக்கு மீசை துடித்தது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"முறை போட்டோம்" என்றார் அக்கா. "பெட்டி கூப்பிட்டாதான் கருவி பேசணும். சேதி வந்துட்டா வாயைத் திறக்க வேண்டாம். வரலன்னா மட்டும் சொன்னா போதும். அதுவும் சேதியில எந்தத் துண்டு வரலையோ, அதை மட்டும்."

கத்தரி மடக்கினார். "கருவி செத்துப்போனாலும் சத்தம் வராதே? எல்லாம் ஒழுங்கா வந்துச்சுன்னு நெனச்சுக்குவீங்களா?"

இரண்டு சுண்டுவிரலுக்குப் பிறகு அக்காவின் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி! அதுக்குத்தான் ஒவ்வொரு சுத்துலயும், தன் முறை வரும்போது, எல்லாக் கருவியும் 'இருக்கேன்'னு ஒரு சொல்லு சொல்லியாகணும். சொல்லாத கட்டிலுக்கு நர்ஸ் ஓடுவாங்க."

பக்கத்துக் கூடத்தில் சோதனை. பழைய முறையில் திரை முழுக்கச் சிவப்பு. புது முறைக்கு மாற்றியதும் ஒவ்வொரு கட்டிலாகப் பச்சைக்கு வந்தது. கத்தரி வேண்டுமென்றே ஒரு கருவியை இரும்பு அலமாரிக்குள் வைத்து மூடினார். உடனே அந்தக் கட்டில் மட்டும் மஞ்சளானது. கதவைச் சற்றுத் திறந்தார். விட்டுப்போன ஒரு துண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, அதுவும் பச்சையானது. மற்ற கட்டில்கள் அசையவே இல்லை.

குறை கண்டுபிடித்தே வயிறு வளர்த்தவருக்கு ஒரு குறையும் அகப்படவில்லை. அதில் அவருக்கே ஒரு சந்தோஷம்.

மாலை, அக்கா அந்தப் பக்கம் திரும்பி நின்று கருவிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கத்தரி பின்னால் வந்து நின்றார்.

"மேடம், என் சர்வீஸ்ல இப்படி ஒரு வேலையைப் பாத்ததில்ல. இந்தக் குழு கலையாது. நான் பொறுப்பு."

அக்கா திரும்பவில்லை. அடுத்த கருவியை எடுத்துத் துடைத்தார்.

கத்தரியின் முகம் சுருங்கிவிட்டது. "பாராட்டினாக்கூடத் திரும்பிப் பாக்க மாட்டாங்களா? அவ்வளவு திமிரா?" என்று பேட்டரிப் பிரிவுக்காரரிடம் பொருமினார்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ சார், உங்ககிட்ட யாருமே சொல்லலியா? பழகிப் பழகி எங்களுக்கே மறந்துபோச்சு. அக்காவுக்குச் சின்ன வயசுலயே காது போயிடுச்சு. நாம பேசறதை உதட்டைப் பாத்துதான் புரிஞ்சுக்குவாங்க. நாங்க அவங்களோட பேசற முறையைத்தான் சார் அந்தப் பெட்டிக்குள்ள வெச்சிருக்கோம்."

கத்தரியின் கை மெல்ல மீசைக்குப் போனது.

"இந்தச் சேதியை அவங்க முகத்துக்கு நேரா நின்னு, ஒரே தடவைல சொல்லணும்ப்பா. பக்கத்துல சலூன் எங்க இருக்கு?"