நடுவில் ஒரு வழி

"நீங்க கடைசி வரிசையில போய் உட்காருங்க. அப்பதான் உண்மை தெரியும்" என்றார் அந்தப் பெண்மணி.

விற்பனையாளர் திருதிருவென்று விழித்தார். மூன்று வரிசை வண்டிகளை இத்தனை வருடமாக விற்கிறார். மூன்றாவது வரிசையில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

"நான் முன்னாடி இருந்தாத்தானே மேடம், சாருக்கு எல்லாத்தையும் விளக்க முடியும்?"

"அவருக்கு ஓட்டத் தெரியும். நீங்க ஏறுங்க."

ஏறினார். ஏறாமல் என்ன செய்வது? இந்த மாடலை மாற்றியமைத்துக் கொண்டுவந்ததிலிருந்து, வந்தவர்கள் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்களே தவிர, ஒருவரும் வாங்கவில்லை. 'இன்னைக்கும் ஒண்ணு போகலைன்னா, நாளையிலேருந்து நீங்க பழைய வண்டிங்க பக்கம் போயிடுங்க' என்று காலையில்தான் மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். தலைகீழாக நின்றாவது இன்று ஒன்றை விற்றே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார் மனிதர்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஷோரூம் வாசலில் அடுத்தடுத்து இரண்டு சின்னக் கார்கள் வந்து நின்றிருந்தன. ஒன்றிலிருந்து சாரும், பதினான்கு வயதுப் பெண்ணும், அவள் தம்பியும். இன்னொன்றிலிருந்து மேடமும் இரட்டைப் பையன்களும். விற்பனையாளருக்கு வாயெல்லாம் பல். ஒரே காரில் அடங்காத குடும்பம். இவர்களுக்கென்றே செய்த வண்டியல்லவா இது!

"நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் மேடம். சேறு, மணல், மேடு, எதுவா இருந்தாலும்…"

"அது இருக்கட்டும். முன்னாடி பேசறது கடைசியில இருக்கறவங்க காதுல விழுமா? பின்னாடி ஒருத்தருக்கு முடியலைன்னா சட்டுனு கிட்ட போக முடியுமா?"

"புதுசா மாத்தினதே அதைத்தான் மேடம். நடு வரிசையில ரெண்டே சீட்டு. நடுவுல வழி விட்டிருக்காங்க, பாருங்க."

"யாரும் தனியா விட்ட மாதிரி ஆயிடக் கூடாது. எனக்கு அதுதான் முக்கியம். மத்ததெல்லாம் அப்புறம்."

"நீங்க சொல்றதுதான் சரி" என்றார் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த சார்.

மனைவியை 'நீங்க' என்கிறாரே! விற்பனையாளருக்கு மரியாதை கூடிப்போனது. இவர் தன் வீட்டில் அப்படிக் கூப்பிட்டால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்.

மேடம், நடு வரிசையில் தம்பியோடு இருந்த பெரியவளிடம் திரும்பி, பின்னாலிருந்த இரட்டையரைக் காட்டினார். "இவங்கள்ல ஒருத்தன் உன் பக்கத்துல உட்காரட்டுமாம்மா? தம்பி பின்னாடி போகட்டும்."

"நானும் என் தம்பியும் ஒண்ணாத்தான் உட்காருவோம்." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அந்த வயசு அப்படித்தான் மேடம்" என்று பின்னாலிருந்து சமாதானம் சொன்னார் விற்பனையாளர். முழங்கால் இரண்டும் முகவாயைத் தொட, ஆளுக்கொரு பக்கமாக இரட்டையர் நெருக்க, இருந்தாலும் சிரிப்பை விடாமல், "பழசு ரெண்டையும் எங்ககிட்டயே கொடுத்துடுங்க. இனிமே எல்லாரும் ஒரே வண்டி" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சார் மேடத்தைப் பார்த்தார். மேடம் பெரியவளைப் பார்த்தார்.

ஷோரூமுக்குப் பின்னால் வண்டியைச் சோதிப்பதற்கென்றே ஒரு மண்மேடு இருந்தது. முதல்நாள் மழையில் சேறாகிக் கிடந்தது. வண்டி வழுக்காமல் ஏறியது, ஏறிய வேகத்தில் வளைந்து இறங்கியது. "பார்த்தீங்களா சார்?" என்று விற்பனையாளர் பெருமையோடு ஆரம்பித்தபோது, இடப்பக்கத்துப் பையன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அம்மா… வாந்தி வருது."

விற்பனையாளர் அவசர அவசரமாகக் கைக்குட்டையை எடுத்து சீட்டின் மேல் விரித்தார். புது சீட்! சார் வண்டியை நிறுத்தினார். மேடம் பதறிப்போய்த் தன் பெல்ட்டோடு மல்லுக்கட்டினார்.

அதற்குள் பெரியவள் எழுந்துவிட்டாள். நடுவிலிருந்த வழியில் புகுந்து, பையனைக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "டேய், நீ பின்னாடி போ" என்று தம்பியை விரட்டிவிட்டு, அந்த இடத்தில் இவனை உட்கார வைத்தாள். ஜன்னலை இறக்கினாள். முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"கீழ பார்க்காத. தூரத்துல அந்த மரம் தெரியுதுல்ல, அதையே பாரு. மூச்சை நல்லா இழுத்து விடு. எனக்கும் சின்ன வயசுல இப்படித்தான் வரும்."

வாந்தி வரவில்லை. பையன் அவள் தோளில் சாய்ந்துகொண்டு மரத்தையே பார்த்தான். மேடம் திரும்பிப் பார்த்தபடியே இருந்தார், கண் நிறைந்துவிட்டது. காரியம் கெட்டது என்று விற்பனையாளர் பயந்துபோனார்.

"சீட்டுத் துணியைத் தண்ணியில துடைச்சாப் போதும் மேடம், கறையே பிடிக்காது" என்று அப்போதும் சொல்லிவைத்தார். விடுவாரா?

ஷோரூமுக்குத் திரும்பும்வரை யாரும் இடம் மாறவில்லை. இறங்கும்போதும் பையன் பெரியவளின் கையை விடவில்லை. பின் வரிசையில் அவள் தம்பியும் மற்றவனும் ஏதோ விளையாட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

விற்பனையாளர் விந்தி விந்தி வந்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். விட்டால் போச்சு என்று பேனாவை எடுத்துக்கொண்டார்.

"வண்டி சார் பேர்லயா, மேடம் பேர்லயா?"

இரண்டு பேரும் பெரியவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை பெரிய வண்டிக்கு இந்தச் சின்னப் பெண்ணா முடிவு சொல்ல வேண்டும்? இருந்தாலும் விற்பனையாளரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"என்னம்மா சொல்ற?" என்றார் சார்.

அவள் பையனின் தலையைக் கோதியபடி கொஞ்சம் யோசித்தாள்.

"வண்டி எனக்கு ஓகேப்பா" என்றாள். "நீங்க ஆன்ட்டியைக் கல்யாணம் பண்ணிக்கறதும் ஓகே."