மகனுக்குப் பதிலாக

“நான், உங்கட உம்மா, அப்னா, ஸப்னா, இஹ்ஸான். இந்த ஹோலுக்குள்ள அஞ்சு பேர். இஞ்ச கதைக்கிற கதை வாசல் கேற்றைத் தாண்டிச்செண்டா, அஞ்சு பேரில ஒராள்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கணும்” என்றார் நஸீம் மரைக்கார்.

மேசை நடுவில் அப்னாவின் போன் கிடந்தது.

பத்தொன்பது வருஷம் பள்ளிவாசல் நிர்வாகத்தில் தன் குடிக்கு மரைக்காராக இருந்தவர் நஸீம். போன நோன்போடு அந்தப் பொறுப்பை இளையவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பெயர் மட்டும் அவரோடு நின்றுவிட்டது. ஊர்ச் சண்டையெல்லாம் அவர் வீட்டுக்கு வந்திருக்கிறது. அவர் வீட்டுக் கதை ஒருநாளும் ஊருக்குப் போனதில்லை.

இப்போது இது. கத்தாரிலிருந்து இஹ்ஸான் வந்து இரண்டு கிழமை. வந்த நாள் முதல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். ஆசுபத்திரியில் தாதியாக இருக்கும் மூத்தவள் அப்னா, அங்கே வந்திருக்கும் புதுத் திட்டத்தில் பேர் பதிந்துவிட்டாள். அஸர் தொழுகைக்குப் பிறகு அழைப்பு வருமாம். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்குமாம்.

“கதைக்கிறது ஆளில்லையா?”

“மெசின் வாப்பா. ஆள் மாதிரியே கதைக்கும். சொல்ற பதிலை மட்டுமில்ல, குரலையும் பாக்கும்.”

“பதிஞ்சதை வெட்டு.”

“இனி ஏலா. போனை எடுக்காட்டி கிளினிக் மிஸ் ஜீப்பில வீட்டுக்கே வருவா.”

மனநலக் கிளினிக் ஜீப், மரைக்கார் வீட்டு வாசலில்! வெள்ளிக்கிழமை நிந்தவூரிலிருந்து இளையவள் ஸப்னாவைப் பெண் பேசி வருகிறார்கள். பிள்ளையின் கூடப்பிறந்த நானாவுக்கு மனநோய் என்று ஒரு சொல் போதும், கலியாணம் அத்தோடு சரி.

“கேக்கிற எல்லாத்துக்கும் சந்தோசமாப் பதில் சொல்லு மகன்.”

“நான் கதைக்க மாட்டன்.” இஹ்ஸான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. “ஜீப் வந்தா வரட்டும். இல்லாட்டி நீங்களே கதைங்க.”

போன் அடித்தது.

நஸீம் மகனைப் பார்த்தார். கேற்றைப் பார்த்தார். மூன்றாந்தரம் அடித்தபோது சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவரே எடுத்தார். மெசினுக்கு வாப்பா என்ன, மகன் என்ன?

“வணக்கம். உங்களுடன் சில நிமிடம் பேசலாமா?” செய்தி வாசிப்பது போன்ற பெண் குரல்.

“ஓம்.”

“மன்னிக்கவும், புரியவில்லை. ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்.”

“ஓமெண்டுதானே சொன்ன! சரி... ஆம். ஆம்.”

ஸப்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இரவில் நன்றாகத் தூங்குகிறீர்களா?”

“ஆம். படுத்தா விடியத்தான் எழும்புற.”

அவர் மனைவி சரீபா அவரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள்.

“வழக்கமாகச் செய்துவந்த எதையாவது நிறுத்திவிட்டீர்களா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். “சுபஹுக்குப் பொறகு கடக்கரைக்கு நடக்கிற. இப்ப போறல்ல.”

இஹ்ஸான் ஒருநாளும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நடந்தவனில்லை. நஸீம் அவசரமாக, “கால் உளைவு. வேறொண்டுமில்ல” என்றார்.

“மனதில் இருப்பதை யாரிடமாவது சொல்கிறீர்களா?”

“இந்த வயசில ஆருக்கிட்டச் சொல்ற?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். இருபத்தெட்டு வயதுப் பொடியன் சொல்லும் பதிலா இது? சுற்றிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

“இனி இருந்து என்ன பயன் என்று எப்போதாவது தோன்றுகிறதா?”

மெசின் காத்திருந்தது. சரீபா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். இல்லை என்ற ஒரு சொல்தான் வேண்டியிருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். பாதியில் குரல் உடைந்தது.

“மன்னிக்கவும், புரியவில்லை.”

“அல்ஹம்துலில்லாஹ் எண்டா, புகழெல்லாம் அல்லாஹ்வுக்கு...” என்று இழுத்து, தொப்பியைக் கழற்றினார்.

சற்று நேரம் கழித்துக் குரல் சொன்னது: “உங்கள் பதில்களுக்கு நன்றி. எங்கள் டாக்டர் உங்களைப் பார்ப்பார். விபரம் இப்போது வரும்.”

“கெடுத்துப்போட்டன் மகன்” என்றார் நஸீம். “உன்ட பேரைக் கெடுத்துப்போட்டன்.”

இஹ்ஸான் எழும்பி வந்து அவர் தோளில் கை வைத்தான். போனில் செய்தி வந்து விழுந்தது. நஸீம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். இன்னொருதரம் வாசித்தார். பிறகு நாலு பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று பேர் தலையைக் குனிந்தார்கள். சரீபா குனியவில்லை.

வெள்ளிக்கிழமை நிந்தவூர் ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரிய மாமா தேத்தண்ணியைக் குடிக்காமல் மேசையில் வைத்தார்.

“குறை நினைக்காதீங்க மரைக்கார். ஒரு கதை காதில விழுந்திச்சி. உங்கட மகனுக்கு ஏதோ மனநோய் வருத்தமாம், திங்கக்கிழமை கிளினிக்குக்குப் போறாராம்.”

அஞ்சு பேரில் யார் தூக்கிக்கொண்டு போனது என்று நஸீம் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

“அது பிழையான கதை. எண்ட மகனுக்கு ஒரு வருத்தமும் இல்ல, உம்மா கூப்பிட்டா எண்டு லீவு போட்டு வந்து, ரெண்டு கிழமையா வருத்தக்காரன் மாதிரி நடிச்சவன்” என்றார். “கிளினிக்கில முதல் நாளே பதிஞ்ச பேர் நஸீம், வயசு அறுபத்தேழு.”