புரியலை சார்

"புரியவில்லை ஐயா."

சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே அவள் எழுந்து நின்றுகொண்டாள்.

கணக்கு சார் வகுப்பில் அதுதான் சட்டம். சந்தேகம் கேட்டவர் மணி அடிக்கும்வரை நின்றபடியே பாடம் கேட்க வேண்டும். உட்கார்ந்தால் கவனம் சிதறும் என்பது சாரின் கட்சி.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மாணவர் பரிமாற்றத்தில் ஒரு வருஷம் பத்தாம் வகுப்பில் படிக்க வந்த வெளிநாட்டுப் பெண் அவள். தமிழைப் புத்தகத்தில் கற்றுக்கொண்டு வந்தவள். பெஞ்சில் இடம் கேட்பதென்றால்கூட, "சற்றே நகர்ந்து அமருங்கள்" என்பாள். வகுப்பு அவளுக்குச் 'செய்தி வாசிப்பு' என்று பட்டம் வைத்திருந்தது.

அவள் வருவதற்கு முன் அந்த வகுப்பில் யாரும் சந்தேகம் கேட்டதில்லை. கேட்டுவிட்டு நிற்பது மானக்கேடு. இவளுக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை. தினமும் கேட்டாள், தினமும் நின்றாள்.

சார் பல்லைக் கடித்துக்கொண்டு அதே கணக்கை வேறு வழியில் சொன்னார்.

அவருக்கு இது கடைசி வருஷம். பரீட்சை முடிந்ததும் ஓய்வு. இப்போதெல்லாம் வராந்தாவில் நடக்கும்போது பழைய வகுப்புகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. எந்த ஜன்னலோரம் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றுகூடச் சொல்லிவிடுவார். இந்தக் கடைசி வகுப்பில் ஒருத்தர் பாக்கியில்லாமல் தேறிவிட வேண்டும் என்று ஒரு வைராக்கியம். இந்தப் பெண்ணோ ஒரு பாடத்தை ஒன்றரைப் பாடமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியையிடம் போய், அவளை ஒன்பதாம் வகுப்பில் போடச் சொன்னார். விருந்தாளியாக வந்த பெண், மனசு நோகக் கூடாதே என்று அந்த அம்மாள் தயங்கினார்.

"நோகாது மேடம். அந்தப் பொண்ணுக்கு எதுவுமே உறைக்காது."

மறுநாள் அவள் பையை எடுத்துக்கொண்டு, "மிக்க நன்றி ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள். வகுப்பு சிரித்தது. வழக்கமான சிரிப்பு இல்லை, பாதியில் நின்றுபோனது.

அதன்பிறகு பாடம் குதிரை மாதிரி ஓடியது.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்." மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னது.

அடுத்து வைத்த தேர்வில் வண்டி குடைசாய்ந்தது. விடைத்தாள்களை ஒவ்வொன்றாகத் திருத்தினார். முன்பு நடத்திய பாடங்களில் எல்லோரும் தெளிவாக எழுதியிருந்தார்கள். அவள் போனபின் நடத்தியதில்தான் வகுப்பில் பாதிக்குமேல் தடுமாறியிருந்தது.

எழுந்து ஒன்பதாம் வகுப்பு டீச்சரைத் தேடிப் போனார். அவரிடமே படித்து, அதே பள்ளிக்கு வேலைக்கு வந்தவள்.

"எப்படிம்மா இருக்கா உன் புது ஆளு? தேறுமா?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? ஒன்பதாவது பத்தாவது ரெண்டும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. அவ ஊர்ல இதெல்லாம் எப்பவோ படிச்சு முடிச்சாச்சாம்."

"அப்புறம் எதுக்குத் தினம் புரியலை புரியலைன்னு என் உயிரை வாங்கினா?"

"இங்கேயும் அதே கதைதான். ஏம்மான்னு கேட்டேன்." டீச்சர் அந்தப் பெண்ணைப் போலவே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டாள். "'பக்கத்தில் இருப்பவரின் பேனா நின்றுவிட்டது. எழுந்து கேட்க அவர் கூச்சப்படுகிறார். நான் அடுத்த வருடம் ஊருக்குப் போய்விடுவேன். என்னைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டுமே.' இப்படிச் சொல்றா சார்."



"அவளை எனக்குத் திருப்பிக் குடுத்துடும்மா."

"அந்த வேலையே வேண்டாம். இப்பதான் என் பிள்ளைங்க ஒண்ணு ரெண்டு தானா வாயைத் திறக்க ஆரம்பிச்சிருக்கு."

கிளம்பப் போனவரை டீச்சர் நிறுத்தினாள்.

"நானும் உங்க வகுப்புல உக்காந்தவதான் சார். ஒரு நாளாவது நான் எழுந்து நின்னு பார்த்திருக்கீங்களா?"

"நீதான் கெட்டிக்காரியாச்சே."

"வீட்டுல அண்ணன் உக்கார வெச்சு மறுபடியும் சொல்லிக் குடுப்பான் சார்."

வராந்தாவில் திரும்பி நடந்தார். ஏதோ ஒரு வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததேயில்லை. பெஞ்சு நுனியில் இடம் பிடித்து உட்கார்வார். 'இங்க வாங்க சார், இங்க வாங்க சார்' என்று பிள்ளைகள் சட்டையைப் பிடித்து இழுக்கும். மாலையில் சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளும் மைக்கறையுமாக வீட்டுக்குப் போவார். மனைவி சலித்துக்கொள்வாள். எழுந்து நிற்கும் சட்டத்தை எந்த வருஷம் போட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். எல்லா வகுப்பும் ஞாபகம் இருந்தது. அது மட்டும் ஞாபகம் வரவில்லை.

வகுப்புக்குள் நுழைந்தார். புதிய கணக்கொன்றைப் பலகை நிறைய எழுதி விளக்கினார். பிறகு பெஞ்சுகளுக்கு நடுவே மெதுவாக நடந்தார். சில பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. பல நின்றிருந்தன. அவர் நெருங்கியதும் நின்றிருந்த பேனாக்கள் எதையோ எழுதுவதுபோல அவசரமாக அசைந்தன.

கடைசி பெஞ்சுவரை போனார். யாரும் கை தூக்கவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்து, எழுதியதை முழுவதும் அழித்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தார்.