செல்வமலரின் களவு

செல்வமலர் சீட்டாட்டத்தில் களவு செய்கிறார் என்பதில் சிவானந்தனுக்குச் சந்தேகமே இல்லை. எப்படிச் செய்கிறார் என்பதுதான் பிடிபடவில்லை.

லண்டன் ரெய்னர்ஸ் லேன் மூத்தோர் சங்கத்தின் போக்கர் கிண்ணம் ஆறு வருடமாகச் சிவானந்தன் வீட்டில்தான் இருக்கிறது. அவித்த முட்டை வைக்கிற கோப்பையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆனாலும் அவர் அதைத் துடைக்கும்போது வீட்டில் ஒருவரும் தும்மக்கூடாது. காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லை ஒன்றுக்கு இரண்டு பென்ஸ்தான் பந்தயம். முழுவதும் தோற்றாலும் ஒரு தேத்தண்ணிக் காசுகூடப் போகாது. கிண்ணம்தான் உயிர்.

ஏழாவது தடவையும் தன் பெயர்தான் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவர் தலையில் இடி விழுந்தது, பாரிசிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த செல்வமலர் உருவத்தில்.

அந்த அம்மா விளையாடும் விதமே விசித்திரம். கையில் ஒன்றுமில்லை என்றால் காட்ஸைக் கவிழ்த்துவிட்டு மட்டன் ரோல்ஸ் கடிப்பார். இருந்தால், வில்லைகளை நடுவில் தள்ளி, வாயாலேயே சொல்லியும்விடுவார்.

"என்னட்டை நல்லது கிடக்கு அண்ணை. விட்டிடுங்கோ."

முன்னூற்றிநாலு சீட்டு விளையாடி வளர்ந்த கூட்டத்தில் இதை யார் நம்புவது? "வெருட்டுறா!" என்று சிவானந்தனும், ஆறு வருடமாக அவரோடு அதே மேசையில் குந்தியிருக்கும் சந்திரகுமாரும் லூர்தம்மாவும் துணிந்து வில்லைகளைப் போடுவார்கள். திருப்பிப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும்.

சிவானந்தன் சும்மா இருக்கவில்லை. புதிய காட்ஸ் கட்டு வாங்கினார். ஜன்னலில் நிழல் தெரியுமென்று திரையை இழுத்துவிட்டார்.

"குறை நினையாதேங்கோ தங்கச்சி, கார்டிகன் கையை ஒருக்கா மடிச்சு விடுங்கோ."

"தோட்டையும் கழட்டட்டோ அண்ணை?" என்று சிரித்தார் செல்வமலர். கழற்றியும் வைத்தார்.

கிண்ணத்துக்கான கடைசி ஆட்டம் வந்தது. சிவானந்தன் கையில் இரண்டு கிங். செல்வமலர் வில்லைகள் அவ்வளவையும் தள்ளினார்.

"அண்ணை, இது நல்லாவே நல்லது. பிறகு கோவிக்கக் கூடாது."

"என்னை வெருட்டாதேங்கோ. நான் உலகம் கண்டவன்." தன்னிடமிருந்த எல்லாவற்றையும் அவரும் தள்ளினார்.

செல்வமலர் காட்ஸைத் திருப்பினார். கிங்குக்கும் மேலே, இரண்டு ஆஸ். நடுவில் விரித்த ஐந்து காட்ஸும் சிவானந்தனுக்குக் கைகொடுக்கவில்லை.

"கள்ளி!"

அவர் போட்ட சத்தத்தில் பிக்கடில்லி லைன் ரயில்கூட ஒரு நிமிடம் தயங்கியிருக்கும். சங்கத் தலைவி சிவனேஸ்வரி ஓடி வந்தார்.

"சிவானந்தன், ஒரு பொம்பிளையைக் கள்ளி எண்டு சொல்லிப்போட்டியள். ஆதாரம் இருந்தால் இப்பவே அவவைச் சங்கத்தாலை நீக்கிறன். இல்லையெண்டால் எல்லாருக்கும் முன்னாலை நீங்கள் மன்னிப்புக் கேக்கவேணும். காட்ஸிலை ஏதும் அடையாளம் கிடந்ததோ?"

"இல்லை."

"கைக்குள்ளை ஒளிச்சு வைச்சிருந்தவவோ?"

"அதுவும் இல்லை."

"அப்ப எதை வைச்சுச் சொல்லுறியள்?"

சந்திரகுமார் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். "அண்ணை, வாயை மூடிக்கொண்டு வாங்கோ, போவம்." லூர்தம்மா அதற்குள் கைப்பையோடு வாசலுக்குப் போய்விட்டார்.

சிவானந்தன் கையை உதறினார். நியாயம் கிடைக்காத மனிதனின் கண்ணீர் அவர் கண்ணில் முட்டி நின்றது.

"நாங்கள் மூண்டு பேரும் ஆறு வருஷமா மேசைக்குக் கீழை காலாலை தட்டித் தட்டி, ஆரிட்டை என்ன கிடக்கெண்டு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சொல்லி விளையாடியும் வெல்ல ஏலாத பொம்பிளை, களவு செய்யாமல் எப்பிடி வெல்லுவா?"