முதலில் எழுபவர்

தைத்த கோட்டுகளை ஏற்றிப்போகும் வான் கீழே வந்து நின்று ஹோர்ன் அடித்தது.

அருட்பிரகாசம் எழவில்லை.

சிவனேஸ்வரி தைத்தபடியே அவரைப் பார்த்தாள். அவளுக்கு முன் மெசினில் தலையைக் குனிந்துகொண்டு கோட்டுக்குக் கழுத்துப்பட்டை தைத்துக்கொண்டிருந்தார் மனிதர்.

ஹோர்ன் கேட்டதும் முதலில் அவர் எழுவது, பின்னால் பெண்கள் எல்லோரும் எழுவது என்றுதான் பேச்சு. வான் வெறுமையாகத் திரும்பினால் முதலாளி தான் வேலையை விட்டு நிறுத்திய றோஸ்மலரை மறுபடி எடுத்தே ஆகவேண்டும். கோட்டுகள் ஏறிப் போய்விட்டால் அவள் பாடு அவ்வளவுதான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று நேரத்தோடு வீட்டுக்குப் போனதுதான் அவள் செய்த குற்றம்.

இதற்காகவா இத்தனை மாதம் அந்த ஒல்லாந்துத் தையல்காரரின் கதையைக் கேட்டார்கள்?

எண்பத்தைந்தில் லண்டனுக்கு வருமுன் அருட்பிரகாசம் ஒல்லாந்தில் அகதி முகாமில் இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்தது ஓர் இருமலும் இந்தக் கதையும். நூறு வருடத்துக்கு முந்தி ஆம்ஸ்டர்டாமில் ஒரு தையல்காரர் ஊசியை வைத்துவிட்டுத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டினாராம். முதலாளிமார் எவ்வளவு மிரட்டியும் அசையவில்லையாம். ஸ்ட்ரெதமில் கம்பளக் கடைக்கு மேலிருந்த அந்தத் தையல் மாடியில் தேநீர் ஆறுவதற்குள் கதை இரண்டு தரம் வந்துபோகும். தானும் தையல்காரன்தானே என்று ஒரு சிரிப்பு வேறு.

போதாததற்கு, சிவனேஸ்வரியின் நெற்றியில் திருநீற்றைக் கண்டால் அவருடைய வாய் சும்மா இராது. வெள்ளி தவறாமல் வெஸ்ட் ஈலிங் அம்மனிடம் போகிற இவளைப் போன்றவர்கள் இருக்கும்வரை புரட்சி வராது என்பார். இந்த வாயால் றோஸ்மலருக்கு ஒரு நன்மை வந்தால் சரி என்று அவளும் பொறுத்துக்கொண்டாள்.

மறுபடியும் ஹோர்ன். முதலாளி கோட்டுகள் தொங்கிய வண்டியைப் படிக்கட்டுப் பக்கம் உருட்டத் தொடங்கினார்.

வாய் கிழியப் பேசின பயந்தாங்கொள்ளி! சிவனேஸ்வரி முன்னால் சரிந்து அவருடைய முதுகில் தட்டினாள்.

“அண்ணை, வான் வந்திட்டுது. எழும்புங்கோ.”

அவர் முகத்தில் பயம் இருந்ததுதான். ஆனால் அவர் முதலாளியைப் பார்க்கவேயில்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

“பொறு தங்கச்சி. இண்டைக்குச் செவ்வாய்க்கிழமையெல்லே. நாலரை மட்டும் இராகுகாலம். நல்ல காரியத்தை இதுக்குள்ள தொடங்க ஏலாது.”

படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில் என்பார்கள். இந்த மனிதர் ஊரறிய இடித்துக்கொண்டு தேவாரத்தை ஒளித்தல்லவா படித்திருக்கிறார்! அவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது.

அம்மாளாச்சி, நீ பார்த்துக்கொள் என்று தன் மெசினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

பக்கத்து மெசின் நின்றது. பிறகு அதற்கடுத்தது. பெண்கள் போய்ப் படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி கோட்டுகளோடு நடுவழியில் நின்றார்.

மெசினிலிருந்து கையை எடுத்தால் அதுவே இராகுகாலத்தில் தொடங்கியதாகிவிடும் என்று அருட்பிரகாசம் பயந்திருக்கவேண்டும்.

வேலைநிறுத்தம் தொடங்கி நாலரை மணி வரைக்கும் அந்த மாடியில் ஓடிக்கொண்டிருந்தது தலைவரின் மெசின் ஒன்றுதான்.